பாதி கார்க் கழுத்திலேயே நின்றுவிட்டால்

2005-ஆம் ஆண்டு போர்தோ (பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு வைன்) பாட்டிலில் கார்க் பாதியில் ஒடிந்துவிட்டது, இரவு நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள், இனி குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் குடிக்கலாம். இவ்வளவு பழைய கார்க் காய்ந்து உதிர்வது சகஜம். வைன் கெட்டதற்கு அது அடையாளம் இல்லை. ஊற்றியதும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

கார்க் திருகியைச் சாய்வாக உள்ளே விட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளிவிடுங்கள். அப்போது வைன் மேலே பீறிடும், கழுத்தைச் சுற்றித் துணி பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெல்லிய பருத்தித் துணி வழியாகக் கண்ணாடி ஜாடியில் வடிகட்டுங்கள். சோப்பு வாசனையுள்ள துணி வேண்டவே வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்தால் அடிமண்டி வருவது தெரியும், உடனே நிறுத்துங்கள். மண்டியால் தீங்கில்லை, கசக்கும், அவ்வளவுதான்.

முக்கியமாக, இளம் வைனைப் போல இதை மணிக்கணக்கில் திறந்துவைக்காதீர்கள், மணம் போய்விடும். சாப்பாடு மேசைக்கு வந்தபிறகு வடிகட்டினால் போதும். கூடவே ஆட்டுக்கறி வறுவல் செய்தால் மிளகாயைக் குறையுங்கள். காரம் ஏறினால் வைனின் துவர்ப்புதான் முன்னே நிற்கும்.