ஹாங்காங் வரும் தம்பிக்கு: முய் அக்காவிடம் கற்ற மொழி

அன்புள்ள தம்பி, வாடகை, பிள்ளைகளின் பள்ளி, ஆங்கிலம் மட்டும் போதுமா என்று கேட்டுவிட்டு, உங்கள் வருங்கால மேலாளர் உருகிப் பேசிய அனிதா முய் யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் அலுவலகத்தாரே சொல்லிவிடுவார்கள். மற்ற இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்.

நான் வந்து இறங்கியது 2003 செப்டம்பரில். சார்ஸ் நோய் இந்த ஊரில் 299 பேரைக் கொண்டுபோய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. சமையல் வாசனை வரும் என்று சொல்லி ஒரு தரகர் மூன்று வீடுகளைக் காட்டவே மறுத்தார். அந்த வலி இன்னும் ஆறவில்லை. கடைசியில் ஹங் ஹாமில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஓர் அறை கிடைத்தது. கீழே இருந்த தேநீர்க் கடையில்தான் அந்தக் குரலைக் கேட்டேன். பெண்குரலா என்று திகைக்க வைக்கும் தாழ்ந்த, கனத்த குரல். யார் என்று சைகையில் கேட்டதற்குக் கல்லாவில் இருந்த அம்மா ‘முய் ஜே’ என்றார். ‘ஜே’ என்றால் அக்கா.

அவர்தான் அனிதா முய். 1963இல் பிறந்தவர், சிறு வயதிலேயே தம் அக்கா ஆனுடன் லாய் சி கொக் கேளிக்கைப் பூங்காவில் பாடிக் குடும்பத்துக்குச் சம்பாதித்தவர். 1982இல் புதுப் பாடகர் போட்டியில் வென்றார். 1987இல் ‘ரூஜ்’ படத்தில் காதலனைத் தேடி வரும் கணிகையின் ஆவியாக நடித்துத் தைவானின் தங்கக் குதிரை விருதைப் பெற்றார். 2003 மே மாதம், சார்ஸால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகக் கலைஞர்களைத் திரட்டிப் பெரிய நிகழ்ச்சி நடத்தியவரும் அவரே.

அப்போது கருப்பை வாய்ப் புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதே நோயில் அக்காவையும் 2000இல் இழந்திருந்தார். ஆனாலும் நவம்பரில் ஹங் ஹாம் அரங்கில் எட்டு இரவுகள் பாடினார். இறுதியில் மணப்பெண் உடையில் வந்து, மேடைக்கே தம்மை மணமுடித்துக்கொண்டதாகச் சொன்னார். நுழைவுச்சீட்டுக்கு வழியில்லாத நான் வெளியே நடைமேம்பாலத்தில் நின்றேன். கலைந்து வந்த கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. டிசம்பர் 30 அன்று, நாற்பது வயதில் அவர் இறந்தார். அன்று கல்லா அம்மா என்னிடம் காசு வாங்கிக்கொள்ளாமல் வெறுமனே தலையசைத்தார். ஓர் ஆறுதல் சொல்லவும் எனக்கு மொழி இல்லை.

அதன்பிறகுதான் கற்கத் தொடங்கினேன். இங்கே பேசப்படும் சீன மொழியான கான்டனீஸில் சுருதி மாறினால் பொருளே மாறும். ‘மாய்’ என்பதை ஒரு சுருதியில் சொன்னால் வாங்குவது, மற்றொன்றில் விற்பது. கான்டனீஸ் பாடலாசிரியர்கள் மெட்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தும் சொற்களையே தேர்ந்தெடுப்பதால், மெட்டு மனப்பாடமானால் சுருதியும் வாயில் ஏறிவிடும். முய் அக்காவின் நிதானமான பாடல்களை அந்த அம்மா அடி அடியாகத் திருத்திச் சொல்லிக்கொடுத்தார். இன்று சந்தையில் என்னை யாரும் வெளியாளாக நடத்துவதில்லை.

இருபது ஆண்டுகள் இருந்தும் ‘எம் கோய்’ என்ற நன்றியைத் தாண்டாத நம்மவர்கள் இங்கே நிறைய. ஆங்கிலம் போதும் என்பார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் அவர்களுக்கு விசாரிக்கத் தெரியாது.

சிம் ஷா சுய் கடற்கரையில் முய் அக்காவின் வெண்கலச் சிலை இருக்கிறது. வந்ததும் சொல்லுங்கள், நானே அழைத்துப் போகிறேன்.