மறு: ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எழுத உட்காரவே முடியவில்லை

வணக்கம். மற்ற வேலைகளையெல்லாம் நேரத்துக்கு முடித்துவிடும் நீங்கள், ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதாகவும், அதனால் உங்களைச் சோம்பேறி என்று கருதுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணிப்பு தவறு என்றே நினைக்கிறேன். சோம்பல்தான் காரணம் என்றால் மற்ற வேலைகளும் தேங்கியிருக்கும். உளவியலாளர்கள் ஃபியூஷா சிரோயிஸ், திமதி பிச்சில் ஆகியோர் 2013-இல் எழுதிய கட்டுரை, தள்ளிப்போடுதலை நேர நிர்வாகக் குறையாகப் பார்க்காமல், ஒரு வேலை எழுப்பும் அச்சம், சலிப்பு, தன்மீதான ஐயம் போன்ற உணர்வுகளிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழியாக விளக்குகிறது. அத்தியாயக் கோப்பை மூடியவுடன் கிடைக்கும் நிம்மதியே அடுத்த முறையும் அதை மூடத் தூண்டுகிறது. முந்தைய அத்தியாயத்தை நெறியாளர் கடுமையாகத் திருத்தினார் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, என் பார்வையில் அதுதான் பிரச்சினையின் வேர்.

ஆகவே இன்னொரு நேரத் திட்டம் உங்களுக்கு உதவாது. நெறியாளர் பார்க்கவே போகாத ஒரு வரைவை எழுதுங்கள். ‘காலை உணவு முடிந்ததும் கோப்பைத் திறந்து, இரண்டாம் அட்டவணை என்ன காட்டுகிறது என்று ஐந்து வரி எழுதுவேன்’ என்பதுபோல், தருணத்தையும் செயலையும் இணைத்து முடிவெடுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த இம்முறை, ‘இன்று எழுத வேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட நன்கு பயன்தருகிறது. ஐந்து வரியோடு நிறுத்தினாலும் சரி.

கழிந்த மாதங்களுக்காக உங்களைக் கடிந்துகொள்வதையும் தயவுசெய்து விடுங்கள்: 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வின்போது குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். உறக்கமின்மையோ எதிலும் நாட்டமின்மையோ இதனுடன் சேர்ந்திருந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.