ஊதச் சொன்னால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

30 வரை சட்டமே விடுகிறதே, அப்படியானால் எவ்வளவு குடித்துவிட்டு ஓட்டலாம்?

கேள்வியே தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு சொல்வது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 30 மில்லி பிராந்தி இல்லை! மூன்று பேர் அப்படித்தான் நினைத்து எழுதியிருக்கிறார்கள். 1988-இல் சட்டம் வந்தபோது எவ்வளவு சிறிய அளவானாலும் குற்றம் என்றுதான் இருந்தது. 1994 திருத்தத்தில்தான் இந்த 30 வந்தது. குடிப்பதற்குக் கொடுத்த கோட்டா இல்லை அது. 70 கிலோ ஆள் வெறும் வயிற்றில் ஒரு முழு பாட்டில் சாதா பீர் குடித்தாலே 50 பக்கம் போய்விடும், ஸ்ட்ராங் பீர் என்றால் 80. கணக்குப் போடாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

ஸ்பாட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாதா சார்?

முடியாது. இது கோர்ட்டுக்குப் போகும் கேஸ். 2019 செப்டம்பருக்கு முன்பு அதிகபட்சம் 2,000 ரூபாய், இப்போது 10,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, சிறை இரண்டு வருடம் வரை.

நான் ஓட்டவில்லை, பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என் மேலும் கேஸா?

188-வது பிரிவைப் படியுங்கள். குடித்தவரை ஓட்டத் தூண்டினாலோ உடந்தையாக இருந்தாலோ அதே தண்டனை. சென்னையில் 2022 அக்டோபரிலேயே போலீஸ் இதை அறிவித்துவிட்டது.

ராத்திரி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்துவிட்டுத்தான் வண்டி எடுத்தேன். காலை ஏழு மணிக்கு எப்படி கேஸ் போடலாம்?

தாராளமாகப் போடலாம். இதை எத்தனை தடவை எழுதுவது என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்க்கும் கேஸ்களில் மனதைப் பிசைவது இந்த வகைதான். 100 மில்லி ரத்தத்தில் உள்ளதை உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். காபி, மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஒரு குவார்ட்டர் 120, 130 வரை ஏற்றும், முழுதாக இறங்க எட்டு ஒன்பது மணி நேரம் வேண்டும். ஒன்றரை குவார்ட்டர் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்.

என்னிடம் வந்த ஒரு ஸ்கூல் வேன் டிரைவர், நெற்றியில் திருநீறு, கையில் பிரிக்காத இட்லிப் பொட்டலம், காலை ஆறரைக்கு ஊதியதில் 52. வேனில் ஏழு குழந்தைகள். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தலை தெளிவாக இருந்தது, கை நடுங்கவில்லை, அதனால் இறங்கிவிட்டது என்று நம்பியிருக்கிறார். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மச்சான் வீட்டு விசேஷத்தில் ஒன்றரை குவார்ட்டர். போதை தெளிவது வேறு, ரத்தத்தில் இறங்குவது வேறு. காலையில் வண்டி எடுக்க வேண்டியவர் ராத்திரி தொடவே கூடாது. மறுபடியும் சொல்கிறேன், தொடவே கூடாது.

ஊத மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாதாம், நண்பர் சொன்னார்.

நண்பரை 205-வது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். வாரண்ட் இல்லாமல் கைதும் செய்யலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

உங்கள் வண்டிச் சேதத்துக்கு மறந்துவிடுங்கள். ஊதிய கணக்கு இல்லாவிட்டாலும் வேறு சாட்சியம் வைத்துக் கம்பெனி நிரூபிக்கலாம் என்று 2021-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அடிபட்டவருக்கான நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற தீர்ப்புகளும் உண்டு.

சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவன், லீவில் ஊருக்கு வருகிறேன். வித்தியாசம் உண்டா?

நல்ல கேள்வி. அங்கே 80, இங்கே 30, பாதிகூட இல்லை. மலேசியாவும் 2020 அக்டோபரில் 80-லிருந்து 50-க்கு இறக்கிவிட்டது. ஸ்காட்லாந்து 2014-லேயே 50-க்கு வந்துவிட்டது, இங்கிலாந்தில் 80. அங்கே சரியாக இருந்த அளவு இங்கே குற்றம், கவனம்.

இருமல் மருந்து குடித்தாலும் மெஷின் காட்டுமாமே?

சில மருந்திலும் மவுத்வாஷிலும் ஆல்கஹால் உண்டு, வாயில் இருக்கும்வரை காட்டும். பதறாமல் அதைச் சொல்லுங்கள், வாய் கொப்பளித்து கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். மவுத்பீஸ் புதிதா என்று பாருங்கள். பிரிண்ட் வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.