கையெழுத்துப் போடும் முன்

வணக்கம் அண்ணா,

நாங்கள் ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. போன மாதம் வகுப்பில் ஒரு பிள்ளை அவளிடம், "உன் கறுப்பு குளித்தாலும் போகாதா?" என்று கேட்டிருக்கிறாள். ரீச்சரிடம் சொன்னேன். சின்னப்பிள்ளைகள்தானே, பெரிதாக எடுக்காதீர்கள் என்றார். நல்ல மனுசி, மகளில் சரியான பட்சம். துருக்கி, அரபுப் பிள்ளைகள் கூடிவிட்டதால்தான் அந்தப் பள்ளி இப்படி ஆகிவிட்டது என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். இப்போது பள்ளியில் பல பண்பாட்டு நாள் வைக்கிறார்கள். என்னைச் சேலை கட்டி, ரோல்ஸ் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சந்தோஷமாக இருந்தது, இப்போது மனமில்லை. போவதா, விடுவதா? நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்களே, இதற்குள் மகளை ரெயால்ஷூலவுக்கு (நடுத்தரப் பள்ளி) அனுப்பச் சொல்லி ரீச்சர் பரிந்துரைக்கிறார். புள்ளிகள் நல்லம்தான், ஆனால் வீட்டில் ஜெர்மன் பேசாததால் கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் மேல்நிலைப் பள்ளி) கஷ்டப்படுவாளாம். அந்த அலைச்சல் வேறு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கச்சி,

சேலைக்கு அப்புறம் வருகிறேன். கடிதம் முழுக்கச் சேலைக்கும் ரோல்ஸுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் 'அந்த அலைச்சல் வேறு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு இரண்டு நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இந்த விஷயம் எனக்குள் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிடக்கிறது.

முதலில் அந்தக் குளியல் பேச்சு. ஒன்பது வயதுப் பிள்ளை அதை எங்கேயோ கேட்டுத்தான் சொல்கிறது. அதைக் கண்டிக்காமல் விட்டது ரீச்சரின் தப்பு. நடந்ததைத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

அடுத்தது, 'துருக்கி, அரபுப் பிள்ளைகள் கூடிவிட்டதால்'. கோபிக்காதீர்கள், இந்த வரியை எழுத உங்களுக்குக் கை கூசியிருக்க வேண்டும். நம் ஆட்கள் சொல்கிறார்கள் என்று ஒதுங்கி நிற்கவும் முடியாது. நம் பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே 'காப்பிலி', 'அடையான்' என்று மற்ற இனத்தவரை இழித்துக் கதைக்கிறோம். பிறகு யாரோ ஒரு பிள்ளை நம் பிள்ளையின் தோலைப் பற்றிக் கேட்டால் மட்டும் நமக்கு நெஞ்சு வெடிக்கிறது. அந்தத் துருக்கிக்காரர்கள் இல்லாவிட்டால் என் மகன் எங்கே போயிருப்பான் என்று எனக்குத்தான் தெரியும்.

1998. நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மகன் நான்காம் வகுப்பு. அவனுடைய ரீச்சரும் நல்ல மனுசிதான். கிறிஸ்மஸுக்குச் சொக்லேட் தருவார், மழை நாளில் தன் காரிலேயே கொண்டுவந்து விடுவார். அவர்தான் என்னைக் கூப்பிட்டு இருத்தி, கோப்பி தந்து, உங்கள் மகன் தங்கமான பிள்ளை, ஹவுப்ட்ஷூலவில் (ரெயால்ஷூலவுக்கும் கீழே உள்ள பள்ளி) சந்தோஷமாக இருப்பான், வீணாக வதைக்க வேண்டாம் என்றார். பதிவுப் படிவத்தையும் தானே நிரப்பி வைத்திருந்தார், எனக்கு உதவியாக இருக்கட்டுமென்று. கணக்கில் அவன் வகுப்பிலேயே கெட்டிக்காரன். எனக்கு அதைச் சொல்ல ஜெர்மனும் வரவில்லை, துணிவும் வரவில்லை. 'டாங்கே', நன்றி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை என்னை ஏசியிருக்கிறார்கள், ஒருவன் துப்பியும் இருக்கிறான். அவை எல்லாம் மறந்துவிட்டன, அந்தக் கோப்பியின் ருசி மறக்கவில்லை.

மனைவியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. படிவம் மேசையில் கிடந்தது. மேல்மாடித் துருக்கிக்காரர் வந்தார், இரும்பு ஆலையில் வேலை செய்தவர். படிவத்தைப் பார்த்தார், கதிரையில் இருந்துவிட்டார். தன் மூத்த மகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னபோது தானும் இப்படித்தான் போட்டுக் கொடுத்தாராம். அவள் ஊமை இல்லை, ஜெர்மன் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். "நான் போட்டேன், நீ போடாதே" என்றார். அடுத்த நாள் இரவு வேலை முடித்து, தூங்காமல், என்னோடு பள்ளிக்கு வந்தார். அவருடைய ஜெர்மனிலும் ஆயிரம் பிழை, ஆனால் உரத்துப் பேசினார். மகன் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கெசாம்ட்ஷூலவுக்குப் போனான். இன்று என்னவாக இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன். 'பார், டொக்டராகிவிட்டான்' என்று முடிகிற கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. டொக்டராகாத பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்திருக்கத்தான் வேண்டும்.

இந்தக் கையெழுத்துப் பிரச்சினை ஜெர்மனியோடு நிற்பதில்லை. செக் நாட்டில் ஒஸ்த்ராவா என்று ஒரு சுரங்க நகரம். அங்கே ரோமா என்ற சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளை, மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நகரத்தின் ஆரம்பப் பள்ளி மாணவர்களில் ரோமாக்கள் 2.26 வீதம், சிறப்புப் பள்ளிகளிலோ 56 வீதம். 18 பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், அது ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? பெற்றோர் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்றது. அந்தக் கையெழுத்துகளில் சில ஏற்கெனவே நிரப்பி வைத்த படிவங்களில் போட்டவை. இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கோப்பி மறுபடி தொண்டைக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் 2006இல் தோற்றார்கள். 2007 நவம்பர் 13இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 13க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்ன நடக்கப்போகிறது என்பதே தெரியாத பெற்றோரின் சம்மதம் சம்மதமாகாது, பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கவும் முடியாது என்றது. ஆளுக்கு 4000 யூரோ. தீர்ப்பு வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சிறப்புப் பள்ளிகளுக்கும் பெயர்ப்பலகை மாறிவிட்டது.

இந்தச் சட்டப்புத்தகம் எல்லாம் எனக்கெதற்கு, என் பிள்ளைக்குப் புள்ளி நல்லம்தானே என்பீர்கள். மன்ஹைம் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் ஒரே சொல்வதெழுதலைத் திருத்தக் கொடுத்தார்கள். பிழைகளும் ஒன்றேதான், மேலே இருந்த பெயர் மட்டும் சிலருக்கு மாக்ஸ் என்ற ஜெர்மன் பெயர், சிலருக்கு முராட் என்ற துருக்கிப் பெயர். பிழைகளை எல்லோரும் சரியாகத்தான் எண்ணினார்கள், அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் புள்ளி போடும்போது முராட்டுக்குக் குறைந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிழை சமம், கை மட்டும் வேறு கணக்குப் போடுகிறது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, உங்கள் ரீச்சரும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயம். கெட்டவர் என்றால் நீங்களே சண்டைக்குப் போயிருப்பீர்கள். உங்களில் பட்சம் உள்ள ஒருவர் பிள்ளையின் நன்மைக்கென்று கதவைச் சாத்தும்போது நாம் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்.

வீட்டில் ஜெர்மன் பேசவில்லையாம்! வீட்டில் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசுகிற பிள்ளையைப் பார்த்து இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு வீட்டில் உடைந்த ஜெர்மன் பேசத் தொடங்கிவிடாதீர்கள். என் தம்பி குடும்பம் அதைச் செய்தது. பிள்ளைகள் இப்போது அப்பம்மாவோடு தொலைபேசியில் 'சாப்பிட்டீங்களா' வுக்கு மேல் போக முடியாமல் நிற்கிறார்கள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். லண்டனில் கரீபியன் பெற்றோரும் சனிக்கிழமைப் பள்ளி நடத்தினார்கள். தங்கள் பிள்ளைகளை மந்தமானவர்கள் என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிக்குத் தள்ளுகிறார்கள் என்று 1971இல் கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் ஒரு சின்னப் புத்தகத்தில் போட்டு உடைத்தார். அதற்குப் பிறகு அப்படிப் பள்ளிகள் இன்னும் பெருகின. நாம் திருக்குறள் சொல்லிக் கொடுக்கிறோம், கும்மி பழக்குகிறோம். நல்லது. நான்காம் வகுப்புப் பெற்றோரை ஒரே ஒரு சனிக்கிழமை கூட்டி, இந்தப் பரிந்துரை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் கிடைக்கவில்லையா?

சரி, உங்கள் விஷயம். பவேரியா மாநிலத்தில் என்றால் மூன்று பாடங்களின் சராசரி 2.33க்குள் (ஜெர்மனியில் 1தான் மிக நல்ல புள்ளி) இருந்தால்தான் கிம்னாசியம், இல்லாவிட்டால் நுழைவுப் பரீட்சை வகுப்பு. நீங்கள் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் இருக்கிறீர்கள். இங்கே பரிந்துரை வெறும் ஆலோசனை, எந்தப் பள்ளி என்று முடிவெடுப்பது பெற்றோர். இதை ரீச்சர் உங்களுக்குச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சேலைக்குத் திரும்பினால், போங்கள். கட்டுவதும் ஜீன்ஸோடு போவதும் உங்கள் இஷ்டம். வருடத்தில் ஒரு நாள் நம் ரோல்ஸைத் தின்றுவிட்டு மற்ற நாட்களில் நம்மைக் கணக்கில் எடுக்காத பள்ளிக்கூடங்களைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிக்கலாம். மரக்கறி ரோல்ஸாகச் செய்யுங்கள், அந்தத் துருக்கிப் பிள்ளைகளும் யோசிக்காமல் சாப்பிடட்டும். தட்டை வைத்த கையோடு ரீச்சரிடம் தனியாகக் கதைக்க ஒரு நேரம் கேளுங்கள். ஜெர்மன் போதாது என்று பயமாக இருந்தால் யாரையாவது கூட்டிப் போங்கள், கூச்சப்படாதீர்கள், நானும் அப்படித்தான் போனேன். பரிந்துரை ஜனவரி முடிவையொட்டி அரையாண்டு அறிக்கையோடு வரும். வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.