ஆள் குறைந்துபோன ஆன்லைன் கேமில் வாங்கிய நிலத்தை இன்னும் வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

செகண்ட் லைஃப் என்கிற ஆன்லைன் உலகத்தில் 13 வருஷம் நிலம் வைத்திருந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன். (அதை கேம் என்றால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். இருக்கட்டும்.)

2008இல் பெங்களூர் அல்சூரில் மூன்று பேரோடு ஒரே ரூமில் இருந்தேன். பிஎஸ்என்எல் பிளானில் ராத்திரி 2 மணிக்கு மேல்தான் அன்லிமிடெட், அலாரம் வைத்து எழுந்து உள்ளே போவேன், அப்படிப் போய் வாங்கியதுதான் 512 சதுர மீட்டர். ஐயாயிரத்துச் சொச்சம் லிண்டன் டாலர் (அந்த உலகத்துக் காசு), நம்ம காசுக்கு எண்ணூறு ரூபாய்க்குள். பெங்களூரில் கார்னர் சைட் வாங்கிவிட்டேன் என்று ஊருக்கு ஃபோன் போட்டு தம்பியிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த அளவு நிலத்தில் அப்போது 117 பிரிம் தான் வைக்க முடிந்தது. பிரிம் என்றால் கட்டுமானத் துண்டு, ஒரு தூண் ஒன்று, ஒரு பலகை ஒன்று. எங்கள் ஊர் வீடு மாதிரி திண்ணை வைத்துக் கட்ட ஆரம்பித்தேன், நாட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக அடுக்கினால் கூரை பாதி ஏறுவதற்குள் கணக்கு தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, ஒரே பலகையில் ஓட்டுப் படத்தை ஒட்டினேன். பக்கத்து மனையில் டெக்சாஸ்காரப் பாட்டி ஒருவர், அந்தத் திண்ணைக்கு எதிரே தன் எல்லையில் ஒரு தெருவிளக்கு நட்டார். அந்தப் பக்கம் மனிதர்கள் நடமாடியது அந்த இரண்டு மூன்று வருஷம்தான்.

இனி காசு விஷயம். நிலம் என்கிறோமே தவிர, பி கத்தா சைட்டுக்கு (பெங்களூரில் ஆவணம் முழுசாகச் சரியில்லாத மனை) இருக்கிற மரியாதைகூட அதற்குக் கிடையாது, செகண்ட் லைஃபை நடத்தும் கம்பெனியின் விதிமுறையைப் படித்தால் அது வெறும் லைசென்ஸ். நிலத்தை வைத்துக்கொள்ள பிரீமியம் சந்தா வேறு, அப்போது வருஷத்துக்கு 72 டாலர், டாலர் 40 ரூபாய் இருந்ததால் மூவாயிரத்துக்குள் முடிந்தது. 2019இல் 99 டாலர் ஆக்கினார்கள், டாலரும் 70ஐத் தொட்டிருந்தது. மனைவி கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க ஒரு சைட் வாங்க வக்கில்ல, அங்க போய் வரி கட்டுறீங்களா?" என்றாள். பதில் சொல்லவில்லை. விற்கலாம் என்று பார்த்தால், யாரோ கைவிட்ட நிலத்தைக் கம்பெனியே சதுர மீட்டர் ஒரு லிண்டன் டாலருக்குக் கொடுக்கிறது, என்னிடம் யார் வருவார்கள்?

2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி வந்ததே, அதில் என் கார்டிலிருந்து தானாகப் பணம் போவது நின்றது. கார்டு நம்பர் போட்டு, ஓடிபி போட்டு, கையால் கட்டினால் முடிந்தது. நான்கு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன், கட்டவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் நான் அதை வைத்துக்கொள்ள முடிவெடுத்ததே இல்லை, தானாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதனால் உங்களுக்கு என் யோசனை இதுதான்: இன்றைக்கே ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள். அடுத்த தவணைக்குக் கை தானாகப் போனால் தாராளமாக வைத்திருங்கள், அது சினிமா டிக்கெட் மாதிரிச் செலவு, தப்பே இல்லை. போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் என்றாவது விலை ஏறும் என்று மட்டும் வைத்திருக்காதீர்கள். அப்புறம், விடுவதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்கவில்லை.

என் திண்ணை இப்போது என் அக்கவுண்டின் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் சுருட்டிக் கிடக்கிறது. போன மாதம் இலவச அக்கவுண்டில் ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். என் மனையில் ஓனர் பெயர் கவர்னர் லிண்டன், அதாவது கம்பெனியேதான், வெறும் புல். பாட்டியை ஆன்லைனில் பார்த்துப் பல வருஷமாகிறது. அவர் மனையில் விளக்கு எரிகிறது, ஏதோ ஒரு கார்டில் இருந்து இன்னும் பணம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.