அந்த வெப்காமிக்கில் மனித உருவில் ஒளிந்திருக்கும் மாயப் பிராணி யார், சத்திரக்கார அம்மாவா?

கேள்வியைச் சரியாகப் பிடித்திருக்கிறேனா பாருங்கள். சூனியக்காரி சாபமிட்டு ஏழு மாயப் பிராணிகளை மனிதர்களாக்கிவிட்டாள். ஐந்து பேர் யார் யார் என்று கதையே சொல்லிவிட்டது. மீதி இரண்டில் ஒன்று துறைமுகத்தில் சத்திரம் நடத்தும் அந்த நடுத்தர வயது அம்மாதான் என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள், ஓநாயா டிராகனா என்பதில்தான் சண்டை, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை. அந்த அம்மா பிராணியே இல்லை. மனுஷி.

நீங்களும் என்னைப் போல ராத்திரி ஒரு மணிக்கு அடுத்த எபிசோடுக்குக் காசு கட்டிவிட்டு, விடிந்ததும் ஏன் கட்டினோம் என்று நொந்துகொள்கிற ஆளாகத்தான் இருப்பீர்கள், அதனால் கதைச் சுருக்கமெல்லாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே. ஓவியர் பேட்டியில் அப்படிச் சொன்னார் இப்படிச் சொன்னார் என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். படத்தில் வரைந்திருப்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஓநாய்க் கட்சிக்காரர்கள் சொல்லும் ஆதாரம் என்ன? மாதத்தில் சில நாள் விடியுமுன் காணாமல் போகிறாள். விரல் நுனியில் எப்போதும் துணி சுற்றியிருக்கிறாள், நகத்தை மறைக்கத்தானாம். திரும்பி வரும்போது கண் சிவந்து, தலை நனைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். பௌர்ணமி, நகம், சிவந்த கண், முடிந்தது கதை. நானும் இரண்டு மாதம் இதை நம்பினேன், மறைக்கவில்லை.

ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து அந்த எபிசோடைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பாம்பன் பக்கம். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். அந்தக் கை மட்டும் பெரிதாக வரும் கட்டம் திரையில் இருந்தது. ஐந்து விரலிலும் துணிக்கிழிசல், ஆள்காட்டி விரலில் மட்டும் ரத்தம் கசிந்து கறுத்திருக்கும். உலக்கையை நிறுத்திவிட்டு, "இது யாரு தாயி, பாசிக்குப் போற பொம்பளையா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பார்கள். அப்பத்தா நாற்பது வருஷம் எடுத்தவள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலில் தகடு, விரலில் பழந்துணியைச் சுற்றிக் கட்டு. பாறையிலும் பாரிலும் (கடலுக்கடியில் கிடக்கும் பவளத்திட்டை நாங்கள் பார் என்போம்) ஒட்டிக்கொண்டிருக்கும் மரிக்கொழுந்தைப் பிய்க்கும்போது விரல் கிழியும், அதற்குத்தான் துணி. மரிக்கொழுந்து என்றால் பூக்கடையில் விற்பது இல்லை, அகர், அதாவது ஜெல்லி போல உறைய வைக்கும் பொருள், எடுக்கிற பாசிக்கு இங்கே அதுதான் பெயர். கட்டக்கோரை என்று இன்னொன்று உண்டு. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள்தான் போவார்கள், அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றும். மூச்சைப் பிடித்து முங்கி, பிய்த்து, மேலே வந்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டு, மறுபடி முங்கு. உப்பில் கண் மிளகாய் போலச் சிவந்துவிடும். சாயங்காலம் அப்பத்தா அடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், ஆனால் அதே மூச்சைப் படத்தில் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஓநாய். என்ன சொல்ல.

உடனே பழைய எபிசோடுகளையெல்லாம் புரட்டினேன். அவள் காணாமல் போகும் இரவுகளில் பாதியில்தான் முழுநிலா இருக்கிறது. மீதிப் பாதியில் வானத்தில் நிலாவே இல்லை, வெறும் நட்சத்திரம். ஓவியர் சோம்பலில் விட்டுவிட்டார் என்று எல்லாரும் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது அமாவாசை ஐயா! ஓநாய்க்கு அமாவாசையில் என்ன வேலை?

இதை இப்படியே ஒரு ரசிகர் குழுவில் எழுதினேன். கிடைத்த மரியாதை இருக்கிறதே. "ஏழு மாயப் பிராணி இருக்கிற கதையில் கூலி வேலை பார்க்கிற பொம்பளையா, போரடிக்காதீங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் என் ஊரைப் பார்த்துவிட்டு, "தண்ணியில்லாக் காட்டுல இருந்து கடல் பத்தி கிளாஸா" என்று சிரிப்பு பொம்மை நாலு போட்டார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சினிமாவில் மந்திரி போலீஸ்காரரை மிரட்டினாலும் ராமநாதபுரத்துக்குத்தான் மாற்றுவார், நாங்கள் என்ன தண்டனைக் கைதிகளா? குடிதண்ணீர் கஷ்டம் உண்மைதான், தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு நானே போயிருக்கிறேன். அதுக்காகத் தண்ணியே இல்லாத ஊரா? மண்டபத்தில் நின்றால் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும் அலை அடிப்பதை ஆண் கடல் என்றும் சொல்லி வளர்ந்த ஊர். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள், அதுவும் தண்ணியில்லாக் காட்டில்தான் இருக்கிறதா? சரி, விடுங்கள்.

அப்படியானால் சத்திரத்தில் ஒளிந்திருக்கும் பிராணி யார் என்று கேட்பீர்கள். பாத்திரம் கழுவும் பையன். யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் பாருங்கள், மீன் குழம்பு மணக்கிற சத்திரத்தில் அவன் தட்டில் கீரை மட்டும்தான். தொட்டிக்குள் குனிந்து பாத்திரம் தேய்ப்பவன் நாலைந்து கட்டத்துக்கு ஒருமுறை முகத்தை மட்டும் மேலே தூக்குகிறான், தூக்கும்போது மூக்கு விரிகிறது, குனியும்போது சுருங்கி மூடிக்கொள்கிறது. கொல்லையில் கீரைப்பாத்தி நாசமாகிக் கிடந்த எபிசோட் ஞாபகம் இருக்கிறதா, டிராகன் காலடி என்று அம்புக்குறி போட்டு வட்டம் போட்டுப் பகிர்ந்தார்களே, அதில் கால் தடமே கிடையாது. ஏர் உழுதது போல நீளநீளமாகக் கோடு, வேரோடு பிடுங்கியிருக்கிறது.

அது ஆவுளியா மேய்ந்த தடம். புத்தகத்தில் கடற்பசு என்று இருக்கும். கடலடியில் நாடா போல வளரும் தாழை என்கிற புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், போன வழியெல்லாம் மணலில் கோடு விழும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், தண்ணீருக்குள் போனதும் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளும். அப்பத்தா முங்கும்போது இந்தக் கோட்டை நிறையத் தடவை பார்த்திருக்கிறாள், ஆளை ஒரே ஒரு தடவை. "குட்டிய அணைச்சுக்கிட்டு நின்னுச்சு, எனக்குப் பயமே வரல" என்பாள். (எங்கள் குடும்பம் அதைப் பிடித்ததா தின்றதா என்று யாரும் தொடங்க வேண்டாம். 1972 சட்டப்படி குற்றம், எங்களுக்கும் தெரியும்.)

ஆவுளியா நிஜப் பிராணி, மாயப் பிராணி இல்லையே என்பீர்கள். கடற்கன்னி மட்டும் எங்கிருந்து வந்தாள்? 1493-ல் கொலம்பஸ் கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்றும் சொன்னது இதன் சொந்தக்கார இனத்தைத்தான் என்கிறார்கள். இந்த வகை உயிரினங்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே சைரீனியா, கிரேக்கக் கதையில் பாட்டுப் பாடி மாலுமியை மயக்கும் சைரன் பெயர். நமக்கும் இது புதுசில்லை. திருவிளையாடலில் வலை வீசின படலம் இருக்கிறது, உமை செம்படவர் வீட்டுப் பெண்ணாகவும் நந்தி சுறாவாகவும் வருவார்கள். சுறா வலையைக் கிழித்தால் மீன் என்று நினைப்பதா நந்தி என்று நினைப்பதா என்று அந்தக் கடற்கரையிலும் நாலு பேர் தியரி போட்டிருப்பார்கள்.

பையன்தான் பிராணி என்றால் அவள் எதற்கு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முங்குகிறாள்? அவனுக்குச் சாப்பிடக் கொண்டுவரத்தான். கொல்லைக் கீரை அவனுக்குப் போதவில்லை. எபிசோட் முடிவில் ஈரப் பையை அவள் சமையலறையில் வைக்கும் கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பையின் வாயில் பச்சையாக நாடா போலத் தொங்குவதை ரத்தம் என்று எப்படித்தான் சொன்னார்களோ. தப்பாகவும் இருக்கலாம். தப்பானால் இந்தப் பதிலை அழிக்க மாட்டேன், வந்து திட்டிக்கொள்ளுங்கள்.

காமிக் இப்போது சீசன் இடைவேளையில் நிற்கிறது. அப்பத்தாவுக்கு டிராகனும் தெரியாது சாபமும் தெரியாது, வாரம் தவறாமல் ஒன்று மட்டும் கேட்கிறாள்: "அந்தப் பொம்பளைக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தாங்களா, தாயி? வெறுங்கண்ணோட முங்குனா பாரு எங்க, மண்ணு எங்கன்னு தெரியாது."