ஏழு படி அளவையை இரண்டாகப் பிளந்த பிறகு மாடல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பக்கவாத நோயாளிகளின் 90-ஆம் நாள் நிலையை ராங்கின் அளவையில் (இயலாமையின் அளவைச் சொல்லும் ஏழு படி) 0 முதல் 6 வரை குறித்து, 0–2 நன்று, 3–6 மோசம் என்று பிரித்து, இரண்டில் எது வரும் என்று கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டிருக்கிறீர்கள். மாடல் கணித்ததும் தரவில் வந்ததும் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஹாஸ்மர்-லெமெஷோ சோதனையில் பி-மதிப்பு 0.4 வந்திருக்கிறது (0.05-க்கு மேல், அதாவது பொருந்தாமை தெரியவில்லை), மாடல் சரிதானே என்பது கேள்வி.

அந்த 0.4-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆட்கள் குறைவாக இருந்தால் மோசமான மாடலும் அந்தச் சோதனையில் பாஸாகும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்ல மாடலும் ஃபெயிலாகும். அந்தச் சோதனைக்காக நோயாளிகளைப் பத்துக் குழுவாகப் பிரித்ததை எட்டாக மாற்றினாலே பி-மதிப்பு வேறாகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நான் உதவிய முதல் தீசிஸிலும் இப்படித்தான் பிளந்தேன். அட்டவணையைப் பார்த்த பேராசிரியர், "நடக்கிறவரையும் செத்தவரையும் ஒரே பெட்டியில் போட்டிருக்கியே தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். 3 என்றால் துணையின்றி நடப்பவர், 4 துணையின்றி நடக்க முடியாதவர், 5 படுக்கையில் கிடப்பவர், 6 இறந்தவர்.

வரிசையை அப்படியே வைத்துக்கொள்ள, பீட்டர் மெக்கல்லா 1980-இல் விரிவாக எழுதிய ப்ரொபோர்ஷனல் ஆட்ஸ் மாடல் இருக்கிறது. நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த எம்ஆர் கிளீன் ஆய்வு ரத்தக்கட்டியைத் தமனி வழியாக அகற்றும் சிகிச்சையை இப்படித்தான் மதிப்பிட்டது. எல்லாப் படிகளுக்கும் பொதுவான ஆட்ஸ் ரேஷியோ 1.67. அதாவது நல்ல பக்கம் விழுவதற்கும் விழாததற்கும் உள்ள விகிதம், சிகிச்சை பெற்றவர்களுக்கு மற்றவர்களைப்போல் 1.67 மடங்கு.

ஆனால் "எந்த இடத்தில் வெட்டினாலும் ஆட்ஸ் ரேஷியோ ஒன்றே" என்பது இந்த மாடலின் அனுமானம். மதிப்பீடு என்று நீங்கள் செய்யவேண்டியது இதைச் சோதிப்பதைத்தான். டெஸ்டினி 2 என்ற ஆய்வைப் பாருங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு, வீங்கிய மூளைக்கு இடம்கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுக்கும் அறுவையைச் சோதித்த ஆய்வு அது. அறுவைக் குழுவில் 3-இல் 7%, 4-இல் 32%, 5-இல் 28%, இறந்தவர் 33%. அறுவை செய்யாத குழுவில் இதே வரிசையில் 3, 15, 13, 70. இரண்டு குழுவிலும் 0–2-இல் ஒருவர்கூட இல்லை, அதாவது உங்கள் கட்-ஆஃபை இங்கே வைத்தால் கணக்கே வராது! இந்தச் சதவீதங்களிலிருந்து நான் போட்டுப் பார்த்தது: 3-க்கும் 4-க்கும் நடுவில் வெட்டினால் ஆட்ஸ் ரேஷியோ சுமார் 2.4, 4-க்கும் 5-க்கும் நடுவில் சுமார் 3, 5-க்கும் 6-க்கும் நடுவில் 4.7. (முதலாவதில் ஆட்கள் மிகக் குறைவு, அதை ரொம்ப நம்பவேண்டாம்.) பொதுவாக ஒரே எண்ணைக் கொடுத்தால், உயிர் பிழைப்பதில்தான் பெரிய லாபம், பிழைத்தவர்களில் பலர் 4-இலும் 5-இலும் இருக்கிறார்கள் என்பது மறைந்துபோகும். குடும்பத்தார் டாக்டரிடம் கேட்பதே அதைத்தான்.

அதனால் உங்கள் தரவில் ஆறு கட்-ஆஃபுக்கும் தனித்தனி ஆட்ஸ் ரேஷியோவை நம்பக எல்லையோடு (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) வரிசையாகப் போடுங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தால் பொது எண் போதும். இதே அனுமானத்தைச் சோதிக்கும் பிராண்ட் சோதனையையும் ஓட்டலாம், ஆனால் ஹாஸ்மர்-லெமெஷோவின் மாதிரி அளவு வியாதி அதற்கும் உண்டு. அப்புறம் ஒவ்வொரு படியிலும் மாடல் கணித்த சதவீதத்தை உண்மையில் வந்த சதவீதத்தின் பக்கத்தில் வைத்து, வயது வாரியாகவும் பாருங்கள். 5-இல் 12% என்று மாடல் சொல்லி, தரவில் 25% இருந்தால், பி-மதிப்பு எதுவாக இருந்தாலும் அந்த மாடலை நான் தீசிஸில் வைக்கமாட்டேன்.